தெமுவான் கிராமத்துக்குள் நுழையும் முன்

தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களில் 18 பிரிவினர் உள்ளனர். அவர்களுள், இப்பிரிவுகள் அடங்கும் மூன்று பெருங்குழுக்களில் ஒன்றான தொல்மலாய்க் குழுவைச் சேர்ந்த தெமுவான் மக்கள் சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங், மலாக்கா, ஜொகூர் மாநிலங்களில் வாழ்கின்றனர். கோலாலம்பூரிலிருந்து காரில் எளிதாகச் சென்றுவிடலாம் என்பதால் அவர்களது கிராமங்களைச் சுற்றுலாத் தலமாக எண்ணிவிடக் கூடாது.

முதலில், அக்கிராமத்தாரை அறிந்த ஒருவர் வழியாகப் பாத்தின் எனப்படும் தலைவருக்கு முன்கூட்டியே சொல்லியனுப்ப வேண்டும். அவருக்குத் துணையாக ஜெனாங், ஜுக்ரா போன்ற பொறுப்பாளர்கள் இருந்தாலும், அவரைச் சந்தித்து வந்த காரணத்தைச் சொல்வதே முறை. ஆய்வுக்காகச் செல்வோர் ஜக்கோவா எனப்படும் ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையின் அனுமதியையும் பெற வேண்டும்.

தெமுவான் மொழி மலாய்க்கு மிக நெருக்கமானது என்பதால், ஓரளவு மலாய் தெரிந்தவருக்குப் பேச்சு தடைபடாது. பழைய நூல்களில் காணப்படும் 'சாக்காய்' என்ற சொல்லை மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள், அது இழிசொல். உணவு கொண்டு செல்வதானால், எது ஏற்புடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்னோர் வழிபாட்டைத் தொடர்வோரும் பிற சமயங்களைத் தழுவியோரும் அவர்களிடையே உண்டு.

நிலத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால், 'இந்த இடம் உங்கள் பெயரில் இருக்கிறதா?' என்று விளையாட்டாகக்கூடக் கேட்காதீர்கள். அக்கேள்வியின் கனம் புரிய வேண்டுமானால், புறப்படும் முன் சாகோங் தாசி வழக்கைப் படித்துவிடுங்கள். 1995-இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக டிங்கில் அருகே புக்கிட் தம்போய் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டபோது, பயிர்களுக்கும் மரங்களுக்கும் வீடுகளுக்கும் இழப்பீடு கொடுத்த அரசு நிலத்துக்கு எதுவும் கொடுக்கவில்லை. மரத்துக்கு விலை உண்டு, அது வேரூன்றிய மண்ணுக்கு இல்லை என்ற விந்தையான கணக்கு அது. சாகோங் தாசி உள்ளிட்ட ஏழு பேர் வழக்குத் தொடுக்க, மரபுவழி நிலத்தில் அவர்களுக்கு உடைமையுரிமை உண்டு என்று 2002-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

வீடுகளையும் குழந்தைகளையும் கேட்காமல் படமெடுக்க வேண்டாம். பாய், கூடை ஏதேனும் வாங்க விரும்பினால், முடைபவரிடமே வாங்குங்கள். நம் தாழையின் இனமான மெங்குவாங் இலையின் ஓரங்களிலும் நடுநரம்பிலும் உள்ள முட்களைச் சீவி, கீற்றுகளாகக் கிழித்து, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்திய பிறகுதான் முடைதலே தொடங்குகிறது. தாழம்பூ பறித்துக் கை கீறிக்கொண்டவருக்கு அந்த முட்களைத் தெரியும். அவர் விலையைக் குறைத்துக் கேட்கமாட்டார்.