கவுன்சில் சைக்கிள் பயிற்சி: ஓட்டவே தெரியாத பெரியவர்களுக்கு

லண்டனின் பல பரோ கவுன்சில்கள் (வட்டார உள்ளாட்சி மன்றங்கள்), தம் எல்லைக்குள் வசிப்பவர்களுக்கும் வேலை பார்ப்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் சைக்கிள் பயிற்சி அளிக்கின்றன. பல இடங்களில் அது இலவசம். பதிவுப் படிவம் கவுன்சிலின் இணையதளத்திலேயே இருக்கும்.

படிவத்தில் உங்கள் திறனைக் கேட்குமிடத்தில் உண்மையை எழுதுங்கள். வெட்கப்பட்டு ‘ஓரளவு ஓட்டுவேன்’ என்று குறித்ததால் எனக்கு ஒரு வகுப்பு வீணாயிற்று. இங்கிலாந்தில் 2007இல் தொடங்கிய பைக்கபிலிட்டி என்ற சைக்கிள் பயிற்சித் திட்டத்தின் முதல் நிலை போக்குவரத்து இல்லாத இடத்திலும், இரண்டாவது அமைதியான தெருக்களிலும், மூன்றாவது நெரிசலான சாலைகளிலும் நடக்கும். ஓட்டவே தெரியாதவருக்கு இவற்றுக்கும் முந்தைய தொடக்க வகுப்பே தேவை.

அவ்வகுப்பில், இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும் அளவுக்குச் சீட்டை இறக்கி, பெடல்கள் இரண்டையும் கழற்றிவிடுவார்கள். முன்சக்கரத்தைப் பார்க்காமல் தொலைவில் பார்த்தபடி காலால் உந்திச் செல்லுங்கள். பாதங்களைத் தூக்கிக்கொண்டே பத்தடி போக முடிந்தால், சமநிலை கைவந்துவிட்டது என்று பொருள்.

இதையே வீட்டில் செய்யப்போய் நான் இடப் பெடலுடன் அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். அதைக் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. வலப் பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால் அதை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். நீண்ட கைப்பிடியுள்ள 15 மி.மீ. பெடல் ஸ்பேனரே என் தேர்வு. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் நழுவி விளிம்புகளை மழுக்கிவிடும், விரல் முட்டியையும் பெயர்த்துவிடும்.

பெடல்களை மாட்டியபின் பிரேக்கைப் பழகுங்கள். பிரிட்டனில் பொதுவாக வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கானது. அதை மட்டும் திடீரென அழுத்தாமல் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். தெருவுக்கு இறங்கும்போது நடைபாதை விளிம்பை ஒட்டியே ஓட்டத் தோன்றும். ஆனால், 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதித் தொகுப்பு, அமைதியான தெருக்களில் தடத்தின் நடுவில் ஓட்டும்படி அறிவுறுத்துகிறது.

பின்சேர்க்கை: மூட்டுவலியால் சமநிலை வராத தம் தாயாருக்கு வழி உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அத்தகையோருக்கென்றே, அனைவரையும் சேர்த்துக்கொள்ளும் சைக்கிள் குழுக்கள் உள்ளன. மூன்று சக்கர சைக்கிள், கையால் சுழற்றி ஓட்டும் சைக்கிள், இருவர் அருகருகே அமர்ந்து ஓட்டும் சைக்கிள் ஆகியவற்றை அவர்களே வைத்திருப்பதால், சொந்தமாக எதையும் வாங்க வேண்டியதில்லை. உயரத்தையும், ஏறி இறங்க உதவி தேவையா என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டால், பொருத்தமான வண்டியை எடுத்து வைத்திருப்பார்கள்.