வீவக விலையும் டெங்கி எண்ணிக்கையும்: சிங்கப்பூர்ப் புள்ளிவிவரங்களைப் பின்தொடர்வது எப்படி?

எண்களைச் சேகரிக்கத் தொடங்கும் முன் எக்செல் தாளில் மூன்று பத்திகளைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்: எந்தக் காலத்துக்குரியது, யாரை எண்ணியது, என்றைக்கு இறக்கியது. இவை இல்லாத தாள் ஆறு மாதத்தில் யாருக்கும் புரியாது.

வீடுகளில் தொடங்குவோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை விலைக் குறியீடு காலாண்டுக்கு ஒருமுறை வருகிறது; 2009இன் முதல் காலாண்டு விலையே 100 என்ற அடிப்படை. காலாண்டு முடிந்ததும் முன்னோடி மதிப்பீடு, அதே மாதக் கடைசி வாரங்களில் முழு விவரம். முன்னதைப் பதிந்தால், பின்னது வந்ததும் அதன் மேலேயே எழுதாமல் தனி வரியில் போடுங்கள். குறியீடு 180இலிருந்து 189க்கு ஏறினால் அது 9 புள்ளி, ஆனால் 5 விழுக்காடு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வாட்சப் குழுக்களில் தினமும் நடக்கிறது.

உங்கள் பேட்டையின் விலை வேண்டுமென்றால் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் ஒவ்வொரு விற்பனையும் தனித்தனி வரியாகக் கிடைக்கும். 1990 முதல் உள்ளவை ஐந்து கோப்புகள், அப்படியே ஒட்டக்கூடாது. பழைய இரண்டில் மாதம் என்பது ஒப்புதல் கிடைத்த மாதம், 2012 மார்ச் முதல் பதிவு செய்த மாதம். எஞ்சிய குத்தகைக்காலம் 2015 முதலான கோப்புகளில்தான் உண்டு. அதிலும் 2017 முதல் அது ஆண்டும் மாதமும் சேர்ந்த எழுத்துத் தொடராக இருப்பதால், பிரித்து எண்ணாக்கினால்தான் வரிசைப்படுத்த முடியும். வீட்டு மாடல் பெயர்கள் ஒரு கோப்பில் பெரிய எழுத்து, இன்னொன்றில் கலப்பு. ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுக் கணக்கிடுங்கள்.

இரண்டு வரிகள் அச்சாக ஒன்றுபோல் இருந்தால் அழித்துவிடாதீர்கள். கோப்பில் வீட்டு எண் கிடையாது, மாடியும் சில தளங்கள் சேர்ந்த தொகுப்பாகத்தான் தரப்படுகிறது. ஒரே புளோக்கில் இரண்டு வீடுகள் ஒரே விலைக்குப் போயிருக்கலாம். நடப்பு மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது இன்னும் நிரம்பவில்லை. சராசரியைவிட இடைநிலை விலையே (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) நம்பகமானது, அதுவும் நாலறை வீட்டை நாலறையோடு மட்டும் வைத்து. ஒரு வட்டாரத்தில் ஒரு வீட்டு வகைக்குக் காலாண்டில் 20 விற்பனைக்குக் குறைவாக இருந்தால் வீவக அதன் இடைநிலை விலையையே வெளியிடுவதில்லை. நாமும் அதே கோட்டில் நிற்பது நல்லது.

சொந்த வீட்டு விகிதம் ஏறத்தாழ 90 விழுக்காடு என்பார்கள். அது குடும்பங்களின் கணக்கு, ஆட்களின் கணக்கல்ல. பெற்றோர் வீட்டில் இருக்கும் முப்பது வயது மகனும் அந்தக் கணக்கில் சொந்த வீட்டில்தான் வாழ்கிறார்.

டெங்கி எண்ணிக்கை வாரக் கணக்கில் வருகிறது; வாரம் ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடியும். 2020இல் 53ஆம் வாரம் ஒன்று இருந்ததால் ஆண்டுகளை வார எண்ணால் ஒப்பிடும்போது அங்கே ஒரு வரி தள்ளிப்போகும். தேசியச் சுற்றுப்புற வாரியம் குழுமம் என்று சொல்வது 150 மீட்டருக்குள், 14 நாள்களுக்குள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு நோய் தொடங்கிய இடத்தை. 10 பேரை எட்டினால் எச்சரிக்கை நிறம் சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள். குழுமங்களைக் கூட்டினால் நாட்டின் மொத்தம் வராது, ஏனெனில் ஆங்காங்கே தனியாக வந்த காய்ச்சல்கள் அதில் இல்லை. முடிந்துபோன குழுமங்கள் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில் இறக்கி வைக்காவிட்டால் பிறகு தேடிப் பயனில்லை.

நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குச் சுகாதார அமைச்சின் மக்கள்நல ஆய்வைப் பாருங்கள். வயது வேறுபாட்டைச் சரிசெய்த விகிதம் எது, செய்யாதது எது என்று குறித்துக்கொண்டால் போதும். மூப்படையும் ஊரில் இரண்டும் வெவ்வேறு கதை சொல்லும்.

கடைசியாக, விகிதம் காண எதால் வகுப்பது. 2024 ஜூனில் மொத்த மக்கள்தொகை 6.04 மில்லியன், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும் 4.18 மில்லியன். தங்குவிடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் முதல் எண்ணில் இருக்கிறார்கள், இரண்டாவதில் இல்லை. டெங்கி எண்ணிக்கையோ எல்லாரையும் சேர்த்தது. அதைச் சிறிய எண்ணால் வகுத்தால் விகிதம் ஏறக்குறைய 45 விழுக்காடு வீங்கிக் காட்டும். வட்டார அளவில் வகுப்பதானால் எல்லைகளையும் பாருங்கள்: வீவகவின் காலாங்–வாம்போ நகரமும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் காலாங் திட்டப் பகுதியும் ஒன்றல்ல.