‘சைவ மரபணு’ என்ற பேச்சில் நேரும் தவறுகள்

2023 அக்டோபரில் ‘பிளாஸ் ஒன்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானதும், சைவ உணவுக்கான மரபணு அகப்பட்டுவிட்டதைப் போன்ற பேச்சு பரவியது. உண்மையில் அப்படி ஒரு மரபணு அகப்படவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரிட்டனின் ‘யு.கே. பயோபேங்க்’ தரவுத்தொகுப்பில் குறைந்தது ஓராண்டாக இறைச்சியோ மீனோ உண்ணாத 5,324 பேரின் மரபணுத் தகவல்களை மற்ற 3,29,455 பேரின் தகவல்களோடு ஒப்பிட்டார்கள். சைவப் பழக்கத்தோடு வலுவான தொடர்புள்ளவையாக மூன்று மரபணுக்களும், தொடர்பு இருக்கக்கூடியவையாக மேலும் 31 மரபணுக்களும் தெரியவந்தன. இந்தத் ‘தொடர்பு’ என்ற சொல்லைக் ‘காரணம்’ என்று படிப்பதுதான் முதல் தவறு.

அந்த மூன்று மரபணுக்களும் 18ஆம் குரோமோசோமில் அருகருகே அமைந்திருக்கின்றன. அருகில் உள்ள மரபணுப் பகுதிகள் பெரும்பாலும் சேர்ந்தே தலைமுறை கடப்பதால், அவற்றில் எது உண்மையில் வேலை செய்கிறது, எது வெறுமனே உடன் வருகிறது என்பதை இத்தகைய ஒப்பீட்டால் மட்டும் பிரித்தறிய முடியாது. தொடர்பு தென்பட்ட மரபணுக்களில் சில, கொழுப்பு வளர்சிதை மாற்றத்திலும் மூளையின் செயல்பாட்டிலும் பங்கு கொள்பவை. இறைச்சியில் உள்ள ஏதோ ஒரு கொழுப்புப் பொருளைச் சிலரது உடல் தானே உருவாக்கிக்கொள்வதால் அவர்களுக்குச் சைவம் எளிதாக இருக்கலாம் என்ற விளக்கம் இதிலிருந்து எழுந்தது. ஆய்வாளர்களே ஊகமாக முன்வைத்த இதை முடிவாக எடுத்துரைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. மேலும், ஒப்பிடப்பட்ட அனைவரும் வெள்ளையினத்தவர் என்பதால், இந்த முடிவை எல்லா மக்களுக்கும் அப்படியே பொருத்தவும் கூடாது.

அடுத்தது, மரபுவழித்தன்மை பற்றிய எண்களைத் தனி மனிதர் மேல் ஏற்றுவது. 4, 5 வயது இரட்டைக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், இறைச்சி, மீன் போன்ற புரத உணவுகள் மீதான விருப்பத்தின் மரபுவழித்தன்மை 0.78 என்றும், காய்கறிகளுக்கு 0.37 என்றும் மதிப்பிடப்பட்டது. ஒரு குழந்தையின் விருப்பத்தில் 78 விழுக்காடு மரபணுவால் வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆய்வுக்குட்பட்ட குழந்தைகளிடையே காணப்பட்ட வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபணு வேறுபாடுகளோடு இணைக்கலாம் என்பதையே அந்த எண் சொல்கிறது. வேறு சூழலில், வேறு வயதில் அதுவே மாறிவிடும். விருப்பமும் பழக்கமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இறைச்சியின் சுவையை விரும்பியபடியே, அறம் கருதியோ சமயம் கருதியோ அதை விலக்கி வாழ்பவர்கள் ஏராளம்.

காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்குவது இன்னொரு தவறு. மூளைக்குத் தேவையான நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைத் தாவர உணவிலிருந்து உருவாக்க உதவும் எஃப்.ஏ.டி.எஸ்.2 மரபணுவின் ஒரு வடிவம், தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த இரு பிரதிகளாக, 2016இல் வெளியான ஆய்வில் புனேயைச் சேர்ந்தவர்களில் 68 விழுக்காட்டினரிடமும் அமெரிக்கர்களில் 18 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. பல தலைமுறைகளாகத் தாவர உணவையே பெரிதும் நம்பி வாழ்ந்த மக்களிடம் இயற்கைத் தேர்வு அந்த வடிவத்தைப் பெருகச் செய்தது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். அதாவது, உணவு மரபணுவைத் தேர்ந்திருக்கிறதே தவிர, மரபணு உணவைத் தேரவில்லை.

நடைமுறையில் தீங்கு தருவது, ‘சைவம் என் மரபணுவுக்கு ஒத்துவரும்’ என்ற நம்பிக்கையில் சத்துகளைக் கவனிக்காமல் விடுவது. தாவர உணவில் பெரும்பாலும் கிடைக்காத வைட்டமின் பி12 இல்லாமல் வாழ உதவும் மரபணு எவருக்கும் கிடையாது; கல்லீரலில் உள்ள சேமிப்பு தீர ஆண்டுகள் ஆகக்கூடும் என்பதால், குறைபாடு தாமதமாகவே வெளிப்படும். இதன் மறுபக்கமாக, சைவத்துக்கு மாறிச் சில மாதங்களில் சோர்வடைந்தவர் மரபணுவைக் குறைசொல்லி விட்டுவிடுவதும் அவசர முடிவே. பி12, இரும்புச்சத்து ஆகியவற்றின் அளவையும், நாள்தோறும் போதிய அளவு உண்கிறோமா என்பதையும் அவர் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை உதவும்; ஒருவருக்குச் சைவம் ஒத்துவருமா என்று சொல்லக்கூடிய மரபணுப் பரிசோதனை எதற்கும் இந்த ஆய்வுகள் அடித்தளம் தரவில்லை.