கியர் தானாகத் தாவியது, குற்றவாளி கேபிள் இல்லை

என் சைக்கிள் 21 கியர் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்), அலுமினிய ஃபிரேம். மேட்டில் அழுத்தி மிதித்தால் பின்னால் டிக் டிக் என்று சத்தம், அப்புறம் செயின் தானாகப் பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தாவும். கியர் கேபிளை இறுக்கினேன், தளர்த்தினேன். கடையில் செயினும் ஃப்ரீவீலும் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) தேய்ந்துவிட்டன என்றார்கள். இரண்டையும் மாற்றியும் அதே தாவல்.

கவனிக்க வேண்டியது இதுதான்: சிறிய பல்சக்கரங்களுக்கு ட்யூன் செய்தால் பெரியவை கெடும், பெரியவற்றுக்குச் செய்தால் சிறியவை கெடும். கேபிள் இழுவை மட்டும் பிசகியிருந்தால் எல்லாமே ஒரே பக்கமாகத் தப்பும். பின்னால் குனிந்து பார்த்தேன். செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் டீரெய்லரின் கீழ் உருளை சக்கரத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. டீரெய்லரை ஃபிரேமில் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு உலோகத் துண்டு வளைந்திருக்கிறது. சைக்கிள் வலப்பக்கம் சரிந்து விழுந்தாலே போதும், இது நடக்கும்.

நேராக்கத் தனிக் கருவி உண்டு, விலை அதிகம். நண்பரின் க்விக் ரிலீஸ் (நெம்புகோலைத் திறந்து கழற்றும் வகை) பின்சக்கரம் கைகொடுத்தது. அந்த அச்சும் ஹேங்கர் துளையும் பொதுவாக ஒரே மரை: 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச் (மரை இடைவெளி). டீரெய்லரைக் கழற்றி, அந்தத் துளையில் அச்சைத் திருகினால் இரண்டு சக்கரங்களும் அருகருகே நிற்கும். மேலும் கீழும், முன்னும் பின்னும் இரு சக்கரங்களுக்கும் நடுவே இடைவெளி சமமாகும்வரை ஹேங்கரை மெதுவாக வளைத்தேன். அலுமினியம், திரும்பத் திரும்ப அப்படியும் இப்படியும் வளைத்தால் ஒடியும். மறுபடி ட்யூன் செய்ததும் தாவல் நின்றது. நிம்மதி!

குறைந்த விலை எம்டிபி வாங்குபவர்கள் ஷாக்கை அழுத்திப் பார்ப்பதோடு ஹேங்கர் திருகாணியில் கழலுமா என்றும் பாருங்கள், கழன்றால்தான் ஒடியும்போது அதை மட்டும் மாற்ற முடியும். ஃபிரேமுக்கு ஃபிரேம் ஹேங்கரின் வடிவம் மாறும், வாங்கும்போதே உதிரி ஒன்று கேட்டுவிடுங்கள்.