புயலுக்குப் பிறகு கரண்ட் வரவில்லையா? புகாரைச் சரியாகக் கொடுங்கள்

முதலில் தெருவைப் பாருங்கள். எதிர் வீட்டில் லைட் எரிந்து உங்கள் வீட்டில் இல்லையென்றால், தெருவுக்கு வரும் மூன்று ஃபேஸ்களில் (மின் கம்பிகளில்) உங்கள் வீட்டுக்கான ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கலாம். உங்கள் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்திருக்கவும் வாய்ப்புண்டு. எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தனிச் சுவிட்ச்) இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றி, எம்சிபிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது ஆர்சிசிபி விழுகிறதோ, பெரும்பாலும் அந்த லைனில்தான் ஈரம். மீட்டர் பெட்டி நனைந்திருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

தெரு முழுக்க இருட்டென்றால் தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 எண்ணில் பேசுங்கள். ‘கரண்ட் இல்லை’ என்று மட்டும் சொன்னால் போதாது. மின் இணைப்பு எண், அருகிலுள்ள பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் பெட்டி) அல்லது டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடம், கண்ணால் கண்டது (மரம் விழுந்ததா, வயர் அறுந்ததா) எல்லாம் சொல்லி, புகார் எண்ணை வாங்குங்கள். அறுந்த வயர் பக்கம் போகாதீர்கள்.

மின்வாரியம் சரிசெய்யும் வரிசை இது: முதலில் துணை மின்நிலையம், பிறகு அங்கிருந்து வரும் 11 கேவி ஃபீடர் (உயர் அழுத்த லைன்), டிரான்ஸ்ஃபார்மர், கடைசியில்தான் தெரு லைன். உங்களுக்கு முன்னால் பக்கத்துத் தெருவுக்குக் கரண்ட் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், சிபாரிசு அல்ல. சென்னை வேளச்சேரி போன்ற தாழ்வான இடங்களில் பில்லர் பாக்ஸில் தண்ணீர் நின்றால் வடியும்வரை சப்ளை கொடுக்க மாட்டார்கள். லைன்மேனிடம் கத்திப் பயனில்லை. தாமதமானால் புகார் எண்ணோடு உங்கள் பகுதி மின்வாரிய உதவிப் பொறியாளரைப் பாருங்கள்.

கரண்ட் வந்ததும் ஃப்ரிட்ஜ், ஏசியைப் போடாமல் ஒரே ஒரு பல்பைப் போடுங்கள். கண்ணைக் கூசும் அளவுக்கு எரிந்தால் நியூட்ரல் (கரண்ட் திரும்பிச் செல்லும் கம்பி) அறுந்திருக்கலாம். வோல்டேஜ் 230-ஐத் தாண்டி 400 பக்கம்கூடப் போகும். உடனே மெயினை அணைத்து மறுபடி புகார் கொடுங்கள்.