எந்தக் கேலக்ஸிக்கு ஃபைபர் போடுவது?

வானத்தைப் படம் பிடிப்பது ஒரு வேலை. படத்தில் விழுந்ததில் எதற்கெல்லாம் நிறமாலை (ஒளியை நிறவாரியாகப் பிரித்த பதிவு) எடுப்பது என்று முடிவு செய்வது வேறு வேலை, அதைப் பற்றித்தான் இங்கே. படத்தில் கோடிக்கணக்கில் பொருட்கள் இருக்கும், ஆனால் நியூ மெக்சிகோவில் 2.5 மீட்டர் தொலைநோக்கியோடு ஸ்லோன் என்ற வான சர்வே தொடங்கிய காலத்தில் ஒரு தடவைக்கு 640 ஃபைபர்தான், அதாவது ஒரு பொருளின் ஒளியை நிறமாலைக் கருவிக்குக் கொண்டுபோகும் கண்ணாடி இழை. அலுமினியத் தட்டில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் கையால் ஃபைபரைச் செருக வேண்டியிருந்தது. ஸ்லோனின் முதன்மை கேலக்ஸிப் பட்டியலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தரவு முழுக்க இலவசம், தரவுத்தளத்தில் தேடும் மொழியான எஸ்க்யூஎல் கொஞ்சம் தெரிந்தால் போதும், வீட்டில் உட்கார்ந்தே செய்து பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுருள் அழகாக இருக்கிறது என்று எதையும் கையால் சேர்க்காதீர்கள். உங்கள் விதியை இன்னொருவரிடம் கொடுத்தால் அவருக்கும் அதே பட்டியல் வர வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் கேலக்ஸிகள் எப்படிக் கொத்துக்கொத்தாக இருக்கின்றன என்று அளக்கும்போது கொத்து வானத்தில் இருக்கிறதா உங்கள் ரசனையில் இருக்கிறதா என்றே தெரியாது.

சரி, நட்சத்திரங்களைக் கழிப்போம். ஒரே பொருளின் ஒளியை இரண்டு விதமாக அளந்து வைத்திருப்பார்கள்: புள்ளி என்று வைத்துக்கொண்டு ஒரு தடவை, பரவிய பொருள் என்று வைத்துக்கொண்டு ஒரு தடவை. நட்சத்திரத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். கேலக்ஸிக்குப் புள்ளி அளவீடு ஒளியில் ஒரு பங்கைத் தவறவிட்டுவிடும், அதனால் 18.2, 17.6 மேக்னிட்யூட் என்று இரண்டு எண்களும் விலகி நிற்கும் (மேக்னிட்யூட் என்பது பிரகாசத்தின் அளவு, எண் குறையக் குறையப் பிரகாசம் அதிகம்). வித்தியாசம் 0.3 மேக்னிட்யூடோ அதற்கு மேலோ இருந்தால் கேலக்ஸி என்பது ஸ்லோனின் விதி.

அடுத்து பிரகாச எல்லை. சிவப்புப் பக்க ஃபில்டரான ஆர் பட்டையில் 17.77 வரை. சதுர டிகிரிக்குச் சுமார் 90 கேலக்ஸி கிடைக்கும் இடம் அது, கையில் இருக்கும் ஃபைபருக்கு அதுதான் கட்டுப்படியாகும். எல்லையை 0.1 தளர்த்தினாலே பட்டியல் 15 சதவீதம் வரை வீங்கிவிடும், ஆசைப்படாதீர்கள்.

இந்த எல்லையை வைப்பதற்கு முன் நம் பால்வீதியின் தூசியைக் கழிக்க வேண்டும், இங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். ஒரு கேலக்ஸி 17.90 என்று அளக்கப்பட்டிருக்கிறது, அந்தத் திசையில் தூசி 0.20 மேக்னிட்யூடை விழுங்குகிறது என்றால் உண்மையில் அது 17.70, உள்ளே வர வேண்டும். நான் இதை மறந்துவிட்டு வரைபடம் போட்டேன், பால்வீதிப் பக்கம் போகப் போகக் கேலக்ஸிகள் குறைந்துகொண்டே போயின, ஏதோ பெரிய வெற்றிடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அரை நாள் குஷியாக இருந்தேன்.

மங்கலாகப் பரவிக் கிடப்பவற்றுக்கும் ஒரு வரம்பு உண்டு: பாதி ஒளி அடங்கும் வட்டத்துக்குள் சராசரிப் பொலிவு சதுர ஆர்க் செகண்டுக்கு (ஒரு ஆர்க் செகண்ட் டிகிரியில் 3,600ல் ஒரு பங்கு) 24.5 மேக்னிட்யூடைவிட மங்கலாக இருந்தால் விட்டுவிடலாம், நிறமாலை தேறாது. மறுபக்கம், ஃபைபருக்குள் விழும் ஒளி 15 மேக்னிட்யூடைத் தாண்டிப் பிரகாசமாக இருந்தாலும் ஆபத்துதான், டிடெக்டரில் அது பக்கத்து ஃபைபரின் நிறமாலைக்குள் கசியும்.

இப்போது நூறு இருநூறு படங்களைத் திறந்து கண்ணால் பாருங்கள். சேர்க்கவோ நீக்கவோ அல்ல, விதி எங்கே ஏமாறுகிறது என்று தெரிந்துகொள்ள. செயற்கைக்கோள் கோடு, பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றிய ஒளிவட்டம் எல்லாம் கேலக்ஸி வேஷத்தில் வந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் பெரிய சுருள் கேலக்ஸியை மென்பொருள் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தனிக் கேலக்ஸியாக எண்ணியிருக்கும். இவற்றையும் விதியாக மாற்றித்தான் நீக்க வேண்டும்.

அப்புறம், 17.77 என்ற எல்லை தூரத்துக்குத் தூரம் வேறு வேறு ஆட்களை உள்ளே விடும். செம்பெயர்ச்சி (தூரம் கூடக் கூட ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) 0.1 வரும் தூரத்தில், தனிப் பொலிவு (தூரத்தின் பாதிப்பை நீக்கிய சொந்தப் பிரகாசம்) சுமார் -20.5 மேக்னிட்யூடைவிடப் பிரகாசமான பெரிய கேலக்ஸிகள் மட்டுமே எல்லைக்குள் வரும், குட்டிகள் எதுவும் தெரியாது. பக்கத்தையும் தூரத்தையும் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் இரண்டு இடத்திலும் அந்த -20.5ஐவிட மங்கலானவற்றை வெட்டிவிடுங்கள், பட்டியல் பாதியாகிறதே என்று வருந்தாமல்.

அரிசோனாவில் 2021 மே மாதம் தொடங்கிய டெசி என்ற இன்னொரு சர்வேயில் 5,000 ஃபைபர்களை ரோபோக்களே நகர்த்துவதால் அதன் பிரகாசமான கேலக்ஸிப் பட்டியல் 19.5 வரை போகிறது. ஆனால் ஸ்லோனின் இந்தப் பட்டியலுக்கு ஒரே தட்டில் இரண்டு ஃபைபர்கள் 55 ஆர்க் செகண்டுக்குள் நெருங்க முடியவில்லை, அதனால் சுமார் 6 சதவீதம் இலக்குகளுக்கு நிறமாலையே கிடைக்கவில்லை. இழப்பு சமமாகவும் விழாது, நெரிசலான கேலக்ஸிக் கொத்துகளில்தான் அதிகம். விடுபட்டதற்குப் பக்கத்து கேலக்ஸியின் செம்பெயர்ச்சியைக் கடன் கொடுப்பது பழைய வழக்கம். பெரிய அளவு கொத்தமைப்பைப் பார்க்க அது ஓடும், ஆனால் மோதிக்கொண்டிருக்கும் கேலக்ஸி ஜோடிகளைத் தேடுகிறவர் அதைத் தொடவே கூடாது.