தரை கடைசி வேலை, ஆனால் தரை மட்டம் முதல் கணக்கு

திருச்சியில் 1993-ல் கட்டிய ஒரு மாடி வீட்டைப் பங்குனியில் கிரயம் முடித்தோம். பத்திரச் செலவு போகக் கையில் நின்றது ஆறு லட்சம். ஆவணியில் பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. சாவி வந்த மறுநாளே நானும் வீட்டுக்காரரும் போய் நின்ற இடம் டைல்ஸ் கடை. இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு (கண்ணாடி போல் இறுகச் சுட்ட டைல்ஸ்), பளபளவென்று. பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் வீட்டைச் சரியாகவே சுற்றிப் பார்த்தோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

முதல் வேலை, தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பது. சாயங்காலம் மாடித் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயையும் இறுக மூடி, ஒரு குச்சியை விட்டு ஆழம் அளந்து வையுங்கள். காலையில் மறுபடி அளங்கள். எங்கள் வீட்டில் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. சுவருக்குள் ஓடிய பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் துருப்பிடித்துக் கசிந்து, ஹால் சுவரின் அடியில் ஓதமாக நின்றது. நாங்களோ அதற்குப் புது பெயிண்ட் நிறம் தேடிக்கொண்டிருந்தோம்! அதை சி.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றச் சுவரையும் சமையலறைத் தரையையும் உடைக்க வேண்டியிருந்தது. டைல்ஸ் முந்தியிருந்தால் அதையும் சேர்த்தே உடைத்திருப்போம்.

அடுத்தது மொட்டை மாடி. மேலே பதித்திருக்கும் சுட்ட மண் தட்டோட்டைக் கம்பியால் தட்டிக்கொண்டே நடந்தால் ‘டொக் டொக்’ என்று வெறுமையாகக் கேட்கும் இடமெல்லாம் அடியில் பிடிப்பு விட்டது. மூன்றில் ஒரு பங்கு அப்படி இருந்தது. அதை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி பதித்து, மற்ற இடத்தில் இடுக்குகளைச் சுரண்டிப் பூசினோம். தண்ணீர் தேங்காமல் குழாய் வாய்க்கு வாட்டம் இருக்கிறதா என்று இரண்டு குடம் ஊற்றிப் பாருங்கள். ஐப்பசி மழை வந்த பிறகு இந்த வேலைக்குக் கொத்தனார் கிடைக்கவே மாட்டார்.

மாடிக் குளியலறையில் நஹானி ட்ராப்பை (தரைத் தண்ணீர் வெளியேறும் வாய்) துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விடுங்கள். கீழே கூரையில் ஈரம் தெரிந்தால் வாட்டர்ப்ரூஃபிங் போயிருக்கிறது. புதிதாகப் பூசிய பிறகும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் இதே சோதனையை இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். கொத்தனார் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

வயரிங்கில் நான் பிடிவாதமாக இருந்தவை: விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. வயர், நல்ல எர்த், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கரையான் மருந்தும் தரை வேலைக்கு முன்னால்தான். சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு மருந்து ஊற்றுவார்கள். புது டைல்ஸில் துளை போட யாருக்கு மனசு வரும்?

இனி தரை. எந்த டைல்ஸ் என்பதை விட எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி. பழைய மொசைக்கின் மேல் சிமெண்டு கலவை போட்டுப் பதித்தால் இரண்டு அங்குலம் வரை ஏறும். கதவுகளை அடியில் அறுக்க வேண்டும், வாசல்படி தாழ்ந்துபோகும், மாடிப்படியின் முதல் படி மட்டும் குட்டையாகிக் காலை இடறும். பசை போட்டு ஒட்டினால் அரை அங்குலத்தை ஒட்டி முடியும், ஆனால் பழைய தரை ஆடாமல், மட்டமாக இருக்க வேண்டும். குளியலறைத் தரை வெளியை விடக் கொஞ்சமாவது தாழ்ந்தே நிற்கவேண்டும். அதனால் பிளம்பர் கை வைக்கும் முன்பே டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து, முடிந்த தரையின் மட்டத்தைச் சுவரில் கோடாகப் போட்டுவிடுங்கள். நஹானி ட்ராப்பின் உயரம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான்.

கோடு போட்ட அன்றுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. ஹாலிலும் இரண்டு அறைகளிலும் மொசைக் கெட்டியாகவே இருந்தது. மங்கல்தான், நாலைந்து விரிசல். உடைப்பானேன்? விரிசலை ஒத்த நிறக் கலவையால் அடைத்து, மிஷின் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் செய்தோம். அத்தைக்கு முழங்கால் வலி. பளபள டைல்ஸில் ஈரக் காலோடு அவர் நடப்பதை நினைத்தாலே எனக்குப் பயம். குளியலறைக்குப் பளபளப்பில்லாத, சொரசொரப்பான மேட் டைல்ஸ், உடைத்த சமையலறைக்குக் கறை பிடிக்காத விட்ரிஃபைடு. அட்வான்ஸைக் கடைக்காரர் திருப்பித் தரவில்லை, இந்த டைல்ஸில் கழித்துக்கொண்டார். விட்ரிஃபைடு தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, அதனால் வெறும் சிமெண்டுப் பாலில் பிடிக்காது. ஒட்டும் பசையைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டிகளை இறக்கும்போதே பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். தேவைக்கு மேல் நூற்றுக்குப் பத்து கூடுதலாக வாங்கி, மிஞ்சுவதைப் பரணில் போட்டு வையுங்கள். ஒட்டி நாலு நாள் கழித்து, கூலியை முழுசாகத் தீர்க்கும் முன், ஒரு நாணயத்தால் ஒவ்வொரு கல்லின் நாலு மூலையையும் தட்டுங்கள். எங்களுக்கு ஏழு கல் வெறுமையாகச் சத்தம் கொடுத்தது. ஏழையும் எடுத்து மாற்றிக் கொடுத்தார்கள்.

மொசைக் தேய்க்கும்போது சாந்துத் தண்ணீர் முழங்கால் உயரத்துக்குச் சுவரில் தெறிக்கும். கடைசி கோட் பெயிண்டை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெயிண்டர் அவசரப்பட்டு முந்திவிட்டார். ஹாலின் கீழ்ப் பாதிக்கு மட்டும் மூன்றாவது கோட்.